சொல்வன்மையும் தமிழ் உரைநடையும்

மக்களுக்கு வாய்த்த செல்வங்களுள் சொற்செல்வம் தலையாயது. பொருட்செல்வம் கொடுக்கக் குறையும். சொற்செல்வமோ கொடுக்குந்தோறும் பெருகும். இதனை நன்குணர்ந்தே திருவள்ளுவனார் தம் பொருட்பாலில் சொல்வன்மைக்கு ஓரதிகாரமும், அவையறிதலுக்கு ஓரதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓரதிகாரமும் வகுத்தருளினார். ஆயினும் இம்மூன்றற்கும் முன்னரே, கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை அவர் வைத்த முறையை நம்மில் பலர் ஊன்றி நோக்குவதில்லை. நூல் கல்லாதவனும் கற்றார்பால் கேட்டறிக, தளர்ச்சி வந்தவிடத்து அஃது அவனுக்கு ஊன்றுகோலாம் என்பது அவ்வதிகாரத்துக் கருத்துக்களுள் ஒன்று. சொல்வோனுக்கு இலக்கணம் கூறுமுன் கேட்போனுக்கு இருக்கை இட்டவர் வள்ளுவனார்.

ஒரு மொழியின் இலக்கியத்தை உருவாக்கும் ஏதுக்கள் யாவை என வினவினால், மன்னர் ஆதரவு என்பர் சிலர். சமயப்பற்று என்பர் சிலர். அச்சுப்பொறி என்பர் பிறர். இவை யாவும் உண்மையே. எனினும் இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க ஏது மற்றொன்றுண்டு. அது கேட்போர் கூட்டம். தமிழ் உரைநடையின் பெரும்பகுதி, தனியறையில் ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்தவர்களால் மட்டும் ஆக்கப்பட்டதன்று. எதிரே அமர்ந்தாருக்கு விளங்க வேண்டுமே என்ற கவலையோடு பேசியவர்களால் ஆக்கப்பட்டது. அக்கூட்டத்தில் யார் யாருக்கு இடம் கிடைத்ததோ அந்த அளவே அவ்வுரைநடையின் பரப்பும் அமைந்தது. இதனை வரலாறு கொண்டு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவரங்கத்துப் பேச்சு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை என்னும் வைணவ ஆசாரியர் விளங்கினார். இவர் நஞ்சீயரின் மாணாக்கர். நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களுக்கும் பொருள் விரித்துரைப்பது இவர் செய்துவந்த தொண்டு. இவர் பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டத்தைக் கண்டோர், இஃது அரங்கனைச் சேவிக்க வந்த கூட்டமோ, நம்பிள்ளையைக் கேட்க வந்த கூட்டமோ என மயங்கினர் என்று குருபரம்பரை கூறும். கேட்டோருள் ஒருவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அவர் பகலில் கேட்டவற்றை இரவில் ஓலையில் எழுதி வைத்தார். ஆசிரியர் அதனைக் கண்டு, தம் அனுமதியின்றி எழுதியதற்காக முதலில் கடிந்தாராயினும், ஒரு சொல்லும் பிசகாமல் அமைந்த திறத்தைக் கண்டு வியந்தார் என்பது வரலாறு. அவ்வோலைச் சுவடியே ‘ஈடு முப்பத்தாறாயிரப்படி’ என இன்று போற்றப்பெறும் பேருரை. ஒற்று நீக்கி 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. ஆகவே 36,000 படி என்பது ஏறத்தாழ 11,52,000 எழுத்துக்களாகும்.

இவ்வுரையின் நடையைப் பயின்றோர் ஒன்றை எளிதில் உணர்வர். வடமொழித் தொடர்கள் விரவிய மணிப்பிரவாளமே ஆயினும், அதனுள் ஓடுவது பேச்சின் உயிர்ப்பு. ஒரு பாசுரத்துக்குப் பொருள் கூறும்போதே முன்னோர் வாழ்க்கையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று குறுக்கே வரும். பட்டர் இன்னபடி சொன்னார், எம்பார் இன்னபடி சொன்னார் என்னும் செய்தி வரும். வினா எழும், விடை பிறக்கும். எதிரே அமர்ந்திருந்தவர் முகங்கள் அவ்வேட்டின் ஒவ்வோர் இதழிலும் தெரிகின்றன எனலாம். ஆயினும் அவ்வேடு நெடுங்காலம் ஆசிரியர் ஒருவரிடமிருந்து மாணாக்கர் ஒருவரிடம் மறைபொருள் போல் கைமாறி வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் அரங்கன் திருமுன்பு ஓராண்டுக் காலம் அதனை விரித்துரைத்த பின்னரே அது பலர் அறிய வந்தது. அப்பொழுதும் அடியார் குழாத்தின் எல்லையை அது கடந்திலது. பேச்சிலிருந்து இத்துணைச் சிறந்த உரைநடை பிறந்தும், அது தமிழர் அனைவர்க்கும் பொது உரைநடையாக வளராமைக்குக் காரணம் அதன் குற்றமன்று. கேட்போர் வட்டத்தின் குறுக்கமே.

வண்ணார்பண்ணையில் ஒரு வெள்ளிக்கிழமை

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலாக, கிறித்தவப் பாதிரிமார் தெருவிலும் சந்தையிலும் நின்று தமிழில் பேசப் பழகினர். யாழ்ப்பாணத்தில் 1814 முதல் வெஸ்லியன் சபையாரும், 1816 முதல் அமெரிக்கச் சபையாரும் பள்ளிகள் நிறுவி, ஞாயிறுதோறும் பிரசங்கம் நிகழ்த்தி வந்தனர். குறித்த நாள், குறித்த வேளை, ஒரே பொருள், அதனைப் பகுத்து விளக்கல், முடிவில் கேட்போர் ஒழுகவேண்டிய நெறி கூறல் என்பது அப்பிரசங்கத்தின் அமைப்பு. நம் நாட்டில் அதற்குமுன் வழங்கியது புராணபடனம். ஒருவர் செய்யுளைப் படிப்பார். மற்றொருவர் பொருள் சொல்வார். செய்யுள் சென்ற வழியே சொல்லும் செல்லும்.

நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுகம் பிள்ளை வெஸ்லியன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியருமாகி, பர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியில் துணை நின்றவர். அச்சமயத்தாரின் பேச்சு முறையை அருகிருந்து கண்டார். தம் சமயத்தைக் காக்க அக்கருவியையே கையில் எடுத்தார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர் தம் முதற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்றுமுதல் வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. மறு ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் வழங்கிற்று. எழுத்துக்கன்று, நாவன்மைக்கு அளிக்கப்பெற்ற பட்டம் அது. அவ்வாண்டிலேயே அச்சுப்பொறி ஒன்றையும் வாங்கினார். 1852இல் அவருடைய பெரியபுராண வசனம் வெளிவந்தது.

நாவலர் நடையின் சிறப்பு இன்னதென்று பலர் எழுதியுள்ளனர். கடுஞ்சந்திகளைக் குறைத்தமை, நிறுத்தக் குறிகளை முறையாக ஆண்டமை, ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்தை நிறுத்தியமை ஆகியவற்றை அவர்கள் எடுத்துக் காட்டுவர். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? பேசுவோன் மூச்சு வாங்கும் இடத்தில் எழுதுவோன் குறியிடுகின்றான். கேட்போன் தடுமாறும் சந்தியைப் பேசுவோன் பிரிக்கின்றான். எழுதும்போதும் அவ்வழக்கம் அவன் கையை விட்டகல்வதில்லை. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தந்த பயிற்சி அவர் வசன நூல்களுக்கும் பாலபாடங்களுக்கும் உதவிற்று என்பது பொருந்தும்.

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. அப்பிரசங்கம் நிகழ்ந்தது கோயிலில். அக்காலத்துக் கோயில்களில் எல்லாச் சாதியாரும் நுழைதல் இயலாது. நாவலரும் வருணாசிரம ஒழுக்கத்தை வற்புறுத்தியவரே. மதுரை மீனாட்சியம்மை கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்ததே 1939ஆம் ஆண்டில்தான்; யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றின் கதவுகள் அதற்கும் பின்னரே திறந்தன. ஆகவே, தமிழ் உரைநடையைச் செப்பம் செய்த அந்தப் பெருஞ்சொல் மதிலுக்கு வெளியே நின்றவர் செவியைச் சென்று சேரவில்லை. நாவலர் பெருமையை இதனால் ஒருவரும் குறைத்தல் வேண்டா. ஆனால், வெளியே நின்றவர் என்ன செய்தனர் என்பதையும் வரலாறு கேட்டேயாகும்.

அவர்கள் வாளா இருந்திலர். 1893ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசனார், பிறர் இழிவாக வழங்கிய தம் குலப்பெயரையே தலைப்பாகக் கொண்டு ‘பறையன்’ என்னும் பத்திரிகையைச் சென்னையில் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். மண்டபம் கிடைக்காதவர்கள் தாளையே மண்டபமாக்கிக் கொண்டனர். அவ்விதழ்களின் நடை வாதிடும் நடை. எதிரே ஒருவன் மறுத்துரைக்க நிற்பதாகக் கருதிக்கொண்டு விடை பகரும் நடை. 1930ஆம் ஆண்டு லண்டன் வட்டமேசை மாநாட்டில் சீனிவாசனார் தம் மக்களுக்காக எழுந்து பேசியபோது, அவருக்கு அப்பயிற்சி நெடுநாளைய பழக்கமாயிருந்தது.

கடற்கரையும் ஆலை வாயிலும்

1907ஆம் ஆண்டு மே மாதம் வங்காளத்து விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் தொடர்ந்து சில நாட்கள் சொற்பொழிவாற்றினார். அவரை வருவிக்கும் முயற்சியில் சுப்பிரமணிய பாரதியாருக்குப் பங்குண்டு. மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். ஆனால் பாலர் பேசியது ஆங்கிலத்தில். கூட்டம் பெரிது, மொழியோ சிலர்க்கே உரியது.

அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் நிலைமை வேறாயிற்று. சுதேசிக் கப்பற் கம்பெனியை 1906இல் நிறுவிய வ.உ. சிதம்பரம் பிள்ளையும், சுப்பிரமணிய சிவாவும் மாலைதோறும் தமிழில் பேசினர். கேட்டோருள் கோரல் ஆலைத் தொழிலாளர் பலர் இருந்தனர். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஆலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். மார்ச்சு 12ஆம் நாள் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டு துப்பாக்கிச் சூடும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே, சிதம்பரனாருக்கு ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனையும், சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டன.

அவ்வழக்கின் பெருஞ்சான்று யாது? மேடைப் பேச்சைப் போலீசார் எழுதி வைத்த குறிப்புக்கள். திருவரங்கத்தில் மாணாக்கர் ஒருவர் அன்பினால் எழுதினார். தூத்துக்குடியில் காவலர் ஐயத்தினால் எழுதினர். இருதிறத்தாரும் ஒன்றை ஒப்புக்கொண்டனர்: எளியோர் கேட்கும் தமிழுக்கு ஆற்றல் உண்டு என்பதை. பாரதியாரும் இதனை உணர்ந்திருந்தார். 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில், சிறிதளவே நூற்பழக்கம் உள்ளவர்க்கும் பொருள் விளங்குமாறு, எளிய பதங்களாலும் பொதுமக்கள் விரும்பும் மெட்டுக்களாலும் காவியம் செய்பவனே தாய்மொழிக்குப் புத்துயிர் தருவான் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். உரைநடைக்கு நேர்ந்த மாறுதல் செய்யுளுக்கும் நேர்ந்தது.

நாவலர் மரபும் தொழிலாளர் கூட்டமும் ஒருங்கே சந்தித்த இடம் திரு.வி. கலியாணசுந்தரனார். சென்னை வெஸ்லி பள்ளியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் யாழ்ப்பாணத்துப் புலோலி நா. கதிரைவேற் பிள்ளை, நாவலர் நெறியில் நின்று மேடை பல ஏறியவர். அவரிடம் தமிழும் சைவமும் கற்ற கலியாணசுந்தரனார், 1917இல் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பின்னி முதலிய ஆலைகளின் தொழிலாளர் பெரம்பூர்ப் பகுதியில் மாலையில் கூடுவர். வாடியா அவர்களுக்கோ ஆங்கிலமே பழக்கம். ஆகவே தொழிலாளரிடம் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு கலியாணசுந்தரனாருக்கு வந்தது.

பெரியபுராணம் பயின்ற நா, பன்னிரண்டு மணி நேரம் தறியருகே நின்று வந்தவனுக்கு விளங்கப் பேசவேண்டியதாயிற்று. அந்நிலையில் நடை மாறாமல் என்செய்யும்? வாக்கியங்கள் குறுகின. வினாக்கள் அடுக்கின. ஒரே கருத்து மூன்று சொல்லில் திரும்பத் திரும்ப வந்து செவியில் தைத்தது. ஆங்கிலச் சொற்கள் உதிர்ந்தன; அவற்றுக்கு ஈடான தமிழ்ச் சொற்கள் மேடையில் வழங்கி, மறுநாள் பத்திரிகையில் அச்சேறின. 1921இல் வெளிவந்த ‘மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்’, 1927இல் வெளிவந்த ‘பெண்ணின் பெருமை’ ஆகிய நூல்களைப் படிப்போர், அவை படிக்கப்படுவதைவிடக் கேட்கப்படுவதற்கே எழுதப்பட்டனவோ என எண்ணுவர். நாவலர் செப்பம் செய்த நடை இவர் கையில் மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

கேட்டவர் பேசத் தொடங்கினர்

கேட்போர் வட்டம் விரிந்ததன் பெரும்பயன் யாதெனில், கேட்டவர்களே பேசவும் எழுதவும் தொடங்கியதாகும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையின் துன்பத்தைத் தாமே அறிந்தவர். அம்முறையை ஒழிக்கவேண்டி ஊர்தோறும் மேடையேறிப் பேசினார். 1936இல் அவர் எழுதிய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினம் வெளிவந்தது. அதனுள் வரும் பாத்திரங்கள் பல இடங்களில் மேடையில் நிற்பவர்போல் நீளப் பேசுவர். புதின இலக்கணம் கொண்டு நோக்குவார்க்கு அது குறையாகத் தோன்றலாம். ஆனால், அதுவரை பிறரால் பாடப்பட்டும் ஏசப்பட்டும் வந்த ஒரு குலத்துப் பெண், தன் வாயால் தன் வழக்கைக் கூறியது அந்நூலில் என்பதை நினைத்தல் வேண்டும். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அம்மையாரின் பேச்சும் நூலும் அதற்கு வழிகோலியவற்றுள் சேரும்.

1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் ஏற்பட்டன. அப்பொழுது கேட்போர் கூட்டமாக அன்றித் தனித்தனியே வீட்டில் அமர்ந்து கேட்டனர். குரல் தணிந்தது, பேச்சு உரையாடல் போலாயிற்று. 1943இல் கம்பராமாயணத்தைப் பற்றி அறிஞர் அண்ணாதுரை அவர்கள் ஒரு பக்கமும், ரா.பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபக்கமுமாக நிகழ்த்திய சொற்போர்கள் இலக்கிய விவாதத்தைப் பொதுமக்கள் காணும் காட்சியாக்கின. அடுக்கும் எதுகையும் மோனையும் இருபுறத்தும் முழங்கின. அம்முழக்கம் நாடகத்துக்கும், 1949இல் ‘வேலைக்காரி’, 1952இல் ‘பராசக்தி’ என்னும் திரைப்படங்களின் வசனத்துக்கும் சென்றது. 1955இல் தமிழுக்கென முதன்முதல் வழங்கப்பெற்ற சாகித்திய அகாடமிப் பரிசு, சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ என்னும் உரைநடை நூலுக்குக் கிடைத்தது. மேடைத் தமிழுக்கு ஏட்டில் கிடைத்த முடி அது எனல் தகும்.

எல்லா இலக்கியமும் மேடையிலிருந்து வந்தது என்பது எம் கருத்தன்று. 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’யைச் சூழ்ந்த புதுமைப்பித்தன் முதலியோர், தனியே அமர்ந்து மௌனமாகப் படிக்கும் ஒருவனுக்காக எழுதினர். அவர்கள் நடையில் முழக்கம் இல்லை. கண்ணுக்கு எழுதும் நடை ஒன்று, செவிக்கு எழுதும் நடை ஒன்று. இரண்டும் தமிழுக்கு வேண்டும். மேடை நடைக்கு உரிய தீங்கு ஒன்றும் உண்டு. முன்னோர் மக்களை நோக்கிப் பேசி, அதன் பயனாக ஓர் ஓசையைப் பெற்றனர். பின்வந்தோருள் சிலர் மக்களை விடுத்து ஓசையை மட்டும் பற்றிக்கொண்டனர். பொருளற்ற அடுக்குமொழி பெருகிற்று. கேட்போனை மறந்த பேச்சு எத்துணை அழகியதாயினும் பதரே.

நம் சங்க மேடை

அன்பர்களே, இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? நம்முடையது போன்ற சாதிச் சங்கங்களின் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவார்க்கு அவற்றில் மிகுதியாகக் கிடைப்பவை மாநாட்டுத் தலைமைப் பிரசங்கங்களே. கல்வியும் கலப்பையும் வாணிகமுமன்றி வேறறியாத குடும்பங்களிலிருந்து வந்தோர், முதன்முதலாகப் பலர் முன்னிலையில் எழுந்து பேசப் பயின்ற பள்ளிகள் இத்தகைய சங்கங்கள். அந்நன்றியை மறத்தலாகாது. ஆயினும் அப்பிரசங்கங்களுட் பல இன்று படிப்பாரின்றிக் கிடக்கின்றன. ஏன்? அவை நம்மவர் செவிக்கென்றே பேசப்பட்டவை. நம் குலம் பழையது, நம் குலம் உயர்ந்தது என்று நமக்குள்ளேயே கூறிக் கைதட்டிக்கொண்ட சொல், மண்டபத்துக் கதவு சாத்தியதும் அடங்கிவிட்டது. மதிலுக்கு வெளியே நின்றவரும் கேட்க எழுந்த சொல்லோ நூறாண்டு கடந்தும் வாழ்கின்றது.

ஆதலின் ஆண்டுவிழாக்களில் பேச்சுப் போட்டி நடத்தும் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சிறுவர்க்கு மனப்பாடம் செய்வித்து ஒப்புவிக்கச் செய்தல் பேச்சுப் பயிற்சியாகாது. முதலில் அவர்களைக் கேட்கச் செய்வோம். தம் பாட்டனாரையும், வயலில் உழைப்பவரையும், பக்கத்துத் தெருவாரையும் கேட்டு வந்து, கேட்டதைத் தம் சொற்களில் சபையில் கூறச் செய்வோம். பேசியதை எழுதவும் பழக்குவோம். பெண்மக்கள் பேச்சைப் போட்டியின் இறுதியில் ஒரு சடங்காக வையாது, ஆண்மக்களோடு ஒப்ப வைப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் மேடையில் நிகழும் ஒவ்வொரு பேச்சையும் ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். வேறு குலத்தார் ஒருவர், அதிலும் நம் முன்னோரால் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குலத்தார் ஒருவர், நம் மண்டபத்து முன்வரிசையில் அமர்ந்திருந்தால் இச்சொல்லை நாம் தயங்காமல் சொல்வோமா? அவர் முகம் கோணாமல் கேட்பாரா?

கேட்பார் என்றால் அப்பேச்சை அச்சிட்டு வைப்போம். தமிழுக்கு அது பயன்படும். கேளார் என்றால் அதனைப் பேசாதிருத்தலே நம் சங்கத்துக்கு அழகு. முன்வரிசை நாற்காலிகளுள் சிலவற்றை அத்தகைய விருந்தினர்க்கென இவ்வாண்டு விழாவிலேயே ஒதுக்கி, அவர்களை நாமே நேரிற் சென்று அழைப்போமாக.